இரண்டு துறை, ஒரு விண்ணப்பம்: பணம் யார் தருவார்கள்?

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, இரண்டு துறைகளைச் சேர்த்துப் படிக்கிற முதுநிலை, பிஎச்.டி. படிப்புகளைப் பற்றித் தனியாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டேன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைச் சேர்த்து இந்த முறை பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் விட்டிருக்கிறேன்.

கேள்வி: மேடம், நான் நீரியல் படித்தவள். வெள்ள எச்சரிக்கை தரும் ஓர் அமைப்பில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். நீரியலையும் மானிடவியலையும் சேர்த்து ஆய்வு செய்ய விண்ணப்பிக்கப் போகிறேன். என் எஸ்.ஓ.பி. (எதற்காகப் படிக்க வருகிறேன் என்று விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரை) இப்படித் தொடங்குகிறது: "சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலிலும் சமூகத்திலும் ஆர்வம் அதிகம். இன்றைய சிக்கலான பிரச்சினைகளை ஒரு துறையால் மட்டும் தீர்க்க முடியாது. எனவே பல்துறைப் பார்வை அவசியம் என்று நம்புகிறேன்." சரியாக இருக்கிறதா?

பதில்: அந்தப் பத்தியை முழுசாக எடுத்துவிடுங்கள். மூன்று வாக்கியத்திலும் பிழை ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த வருடம் விண்ணப்பிக்கிற யார் வேண்டுமானாலும் அதை எழுதலாம், நிறைய பேர் எழுதவும் செய்வார்கள். விண்ணப்பத்தைப் படிக்கிற குழுவுக்குப் பல்துறைப் படிப்பு ஏன் அவசியம் என்று நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அதை நம்பித்தான் அவர்கள் அந்தப் படிப்பையே நடத்துகிறார்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். ஆறு மணி நேரம் முன்னாலேயே குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது, ஆற்று மட்டக் கணிப்பும் சரியாக இருந்தது, ஆனாலும் ஒரு தெருவில் பாதிக் குடும்பங்கள் நகரவில்லை. மறுவாரம் போய்க் கேட்டபோது ஒரு பெரியவர், "போன தடவையும் இப்படித்தான் சொன்னீர்கள், தண்ணீர் வரவே இல்லையே" என்றார். அதைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். உங்கள் ஆய்வு அந்தப் பெரியவர் சொன்ன பதிலில்தான் இருக்கிறது. இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

"எங்கள் கணிப்பு அன்று சரியாக இருந்தது, ஆனாலும் ஒரு தெருவில் பாதிப் பேர் வீட்டை விட்டு நகரவில்லை. முந்தைய தடவை எங்கள் எச்சரிக்கை பொய்த்ததை அவர்கள் மறக்கவில்லை. எத்தனை முறை தப்பாக எச்சரித்தால் மக்கள் நம்புவதை விட்டுவிடுவார்கள், அந்த எண்ணிக்கை தெருவுக்குத் தெரு ஏன் மாறுகிறது, அது தெரிந்தால் எச்சரிக்கை தரும் வரம்பை எங்கே வைப்பது என்பதைப் படிக்க விரும்புகிறேன்."

இதில் "பல்துறை" என்ற சொல்லே வரவில்லை, கவனித்தீர்களா? நீரியலை எடுத்துவிட்டால் வரம்பைப் பற்றிப் பேச முடியாது, மானிடவியலை எடுத்துவிட்டால் அந்தத் தெருவைப் புரிந்துகொள்ள முடியாது. நீங்கள் எழுதுகிற எந்தக் கேள்வியையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். ஒரு துறையை உருவிய பிறகும் கேள்வி அப்படியே நின்றால், மிச்சம் இருக்கிற ஒரு துறையிலேயே நேராக விண்ணப்பிப்பது நல்லது, உங்களுக்கும் அலைச்சல் குறையும்.

அப்புறம் ஒரு விஷயம், இதைப் பலரும் கவனிப்பதில்லை. உங்கள் விண்ணப்பத்தை ஒரு பொறியாளரும் ஒரு மானிடவியலாளரும் அருகருகே உட்கார்ந்து படிக்கலாம். "மாடல்" என்று நீங்கள் எழுதினால் ஒருவருக்குச் சமன்பாடு ஞாபகம் வரும், மற்றவருக்கு விளக்கச் சட்டகம். "ஃபீல்டு டேட்டா" என்றால் ஒருவருக்கு மழைமானி, மற்றவருக்கு ஒரு வருடம் அங்கேயே தங்கி எழுதிய குறிப்பேடு. இப்படி இரண்டு பக்கமும் புழங்குகிற சொற்கள் வருகிற இடத்தில் எந்தப் பொருளில் சொல்கிறீர்கள் என்று அரை வாக்கியம் சேர்த்துவிடுங்கள். உங்களிடம் இல்லாத பயிற்சியையும் மறைக்க வேண்டாம். "களஆய்வு முறைகளில் எனக்கு முறையான பயிற்சி இல்லை, முதல் வருடத்தில் இன்ன பாடத்தை எடுப்பேன்" என்று அவர்களுடைய பாடப் பட்டியலைப் பார்த்துப் பெயரோடு எழுதினால், படிப்பைப் புரிந்துகொண்டுதான் வருகிறீர்கள் என்பது தெரியும்.

கேள்வி: ஐந்து இடங்களுக்கு விண்ணப்பித்தேன், ஐந்திலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர் மட்டும் "எங்கள் துறைக்குப் பொருந்தவில்லை" என்று காரணம் எழுதினார்கள். எனக்கு மொழியியலும் கணினியும் சேர்ந்த ஆய்வு வேண்டும். தப்பு எங்கே?

பதில்: உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்தேன், அதில் பெரிய குறை இல்லை. அனுப்பிய இடங்களில்தான் கோளாறு. பல்துறைப் படிப்பு என்று பொதுவாகச் சொன்னாலும், உள்ளே போய்ப் பார்த்தால் அமைப்பு ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபடுகிறது.

சில நிறுவனங்களில் துறைச் சுவரே கிடையாது. ஜப்பானில் ஒகினாவாவில் இருக்கும் ஓ.ஐ.எஸ்.டி. என்ற அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அப்படி. அங்கே பிஎச்.டி. சேருகிறவர்கள் முதல் வருடத்தில் மூன்று ஆய்வகங்களில் மாறி மாறி வேலை செய்ய வேண்டும், அதில் ஒன்றாவது அவரவர் துறைக்கு வெளியே இருக்க வேண்டும். எம்.ஐ.டி.யின் மீடியா லேப் 1985-ல் தொடங்கியது. அங்கே துறையைப் பார்த்து விண்ணப்பிப்பதில்லை, மூன்று ஆய்வுக் குழுக்கள் வரை குறிப்பிட்டுத்தான் விண்ணப்பிக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1941-லிருந்து நடக்கும் 'கமிட்டி ஆன் சோஷியல் தாட்' இலக்கியம், தத்துவம், வரலாறு என்று எந்தப் பக்கமும் போக இடம் தருகிறது. ஸ்டான்ஃபோர்டின் சுற்றுச்சூழல், வளங்கள் பற்றிய பல்துறை பிஎச்.டி.யில் வெவ்வேறு துறையைச் சேர்ந்த இரண்டு நெறியாளர்கள் வேண்டும் என்பது விதி.

இன்னொரு வகை, பெயரில் மட்டும் "சென்டர்" என்றோ "புரோகிராம்" என்றோ இருக்கும். உள்ளே சொந்தமாக ஒரு பேராசிரியர்கூட இருக்க மாட்டார், எல்லோரும் வேறு துறையில் சம்பளம் வாங்கிக்கொண்டு இங்கே பெயர் மட்டும் கொடுத்திருப்பார்கள். அப்படிப்பட்ட இடங்களில் நல்ல இடமும் உண்டு. ஆனால் சேருவதற்கு முன்னால் அங்கே கடைசியாகப் பட்டம் வாங்கிய பத்துப் பேரைத் தேடி, எத்தனை வருடம் ஆனது, யார் நெறியாளர், இப்போது எங்கே வேலை என்று பார்த்துவிடுங்கள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

மூன்றாவது வழிதான் உங்களுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது: ஒரு சாதாரண மொழியியல் துறையிலோ கணினித் துறையிலோ சேர்ந்து, மற்ற துறையிலிருந்து ஒருவரை இணை நெறியாளராக வைத்துக்கொள்வது. கணினி வழி மொழி ஆய்வு பல பல்கலைக்கழகங்களில் கணினித் துறைக்குள்ளேயே நடக்கிறது. நீங்களோ ஐந்து விண்ணப்பத்தையும் இலக்கணக் கோட்பாட்டுக்குப் பெயர்போன துறைகளுக்கே அனுப்பியிருக்கிறீர்கள்.

எலினோர் ஆஸ்ட்ரம் பொருளாதாரத்தில் பிஎச்.டி. படிக்க யு.சி.எல்.ஏ.வில் விண்ணப்பித்தபோது, கணிதப் பின்னணி போதாது என்று சேர்த்துக்கொள்ளவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலில் சேர்ந்து 1965-ல் பட்டம் வாங்கினார். பொதுவான நீரையும் காட்டையும் மீன்வளத்தையும் மக்கள் எப்படிக் கூடிப் பராமரிக்கிறார்கள் என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்து, 2009-ல் பொருளாதார நோபல் பரிசு வாங்கினார். எந்த வாசல் வழியாக உள்ளே போனாலும் கையில் இருந்த கேள்வியை அவர் விடவில்லை.

கேள்வி: விண்ணப்பிப்பதற்கு முன் பேராசிரியருக்கு மெயில் அனுப்ப வேண்டுமா?

பதில்: பல்துறைப் படிப்புக்கு, ஆமாம், கட்டாயம் அனுப்புங்கள். முன்கூட்டியே தொடர்புகொள்ள வேண்டாம் என்று துறையே தன் பக்கத்தில் போட்டிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். கடைசித் தேதிக்கு இரண்டு, மூன்று மாதம் முன்னால் அனுப்பினால் போதும். பத்து வரிக்கு மேல் வேண்டாம். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி, நீங்கள் செய்த ஒரு வேலை, "அடுத்த வருடம் மாணவர்களை எடுக்கிறீர்களா, இன்னொரு துறைப் பேராசிரியரோடு சேர்ந்து வழிகாட்ட உங்கள் துறையில் அனுமதி உண்டா" என்று இரண்டு நேரடிக் கேள்விகள். அவ்வளவுதான். இரண்டாவது கேள்விக்கு வருகிற பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம்.

கேள்வி: மூன்று சிபாரிசுக் கடிதமும் என் பழைய துறையிலிருந்தே இருந்தால் பரவாயில்லையா?

பதில்: ஒன்றாவது போக விரும்புகிற துறையின் பக்கத்திலிருந்து வரட்டும். அங்கே யாரையும் தெரியாது என்றால், ஒரு ஆன்லைன் பாடமோ குறுகிய திட்டமோ செய்து ஒருவருக்கு உங்களைத் தெரியவைக்க ஒரு வருடம் பொறுத்தாலும் தப்பில்லை. பழைய துறையில் கேட்கும்போது, "இவர் ஏன் துறை மாறுகிறார் என்பது எனக்குத் தெரியும், அதற்கான தகுதி இருக்கிறது" என்ற பொருளில் ஒரு பத்தி எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம், எதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது தெரிந்தால் அவர்களுக்கும் எழுதுவது சுலபம்.

கேள்வி: எல்லாம் சரி, பணம்? எங்கள் வீட்டில் செலவு செய்ய முடியாது. முழு உதவித்தொகை கிடைத்தால்தான் போக முடியும். பல்துறைப் படிப்புக்கு உதவித்தொகை அதிகமா, குறைவா?

பதில்: இதற்குத்தான் அதிகக் கடிதங்கள் வந்தன, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பேச்சில் எல்லோரும் பல்துறை ஆய்வைக் கொண்டாடுகிறார்கள், ஆனால் பணம் இன்னும் துறைவாரியாகத்தான் பிரிகிறது. ஆஸ்திரேலிய ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கு ஐந்து வருடத்தில் வந்த 18,476 ஆய்வுத் திட்டங்களை அலசி 2016-ல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஒரு திட்டம் எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிற துறைகளைச் சேர்க்கிறதோ, அந்த அளவுக்கு அதற்குப் பணம் கிடைக்கும் வாய்ப்பு குறைந்தது என்பதுதான் அதன் முடிவு. அது அனுபவமுள்ள ஆய்வாளர்கள் அனுப்பிய திட்டங்களைப் பற்றியது, மாணவர் சேர்க்கையைப் பற்றியது இல்லை. இருந்தாலும் உங்கள் நெறியாளர் எந்தச் சூழலில் பணம் தேடுகிறார் என்பது அதிலிருந்து தெரியும், அது உங்கள் ஸ்டைபண்டையும் (படிக்கும்போது செலவுக்குத் தரும் தொகை) தொடும்.

முதலில் முதுநிலையையும் பிஎச்.டி.யையும் பிரித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பிஎச்.டி. என்றால் நல்ல துறைகள் பெரும்பாலும் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து ஸ்டைபண்டும் மருத்துவக் காப்பீடும் தருகின்றன, பதிலுக்கு வகுப்பில் உதவி ஆசிரியராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை செய்ய வேண்டும். முதுநிலைக்கு அப்படிக் கிடைப்பது அபூர்வம். மீடியா லேப் போல முதுநிலை மாணவர்களையும் ஆய்வு உதவியாளராக வைத்துக் கட்டணமும் ஸ்டைபண்டும் தருகிற இடங்கள் விதிவிலக்கு. ஸ்வீடன், டென்மார்க், நார்வே போன்ற நாடுகளில் பிஎச்.டி. மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். அங்கே வேலைக்கான விளம்பரம் போலத்தான் இடங்கள் அறிவிக்கப்படும், நீங்களும் அதை வேலை விண்ணப்பமாக நினைத்துத்தான் எழுத வேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. கட்டணம் இல்லை என்றாலும் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் நீங்கள்தான் வழி பார்க்க வேண்டும்.

இரண்டு துறை சேர்ந்த முதுநிலை என்றால் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ். இரண்டு, மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் படிப்புகள், இயல்பிலேயே பலவும் பல்துறைப் படிப்புகள். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ கையில் வரும், அதிகபட்சம் 24 மாதம். அந்தந்தப் படிப்பை நடத்தும் கூட்டமைப்பிடம் நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒரு வருட முதுநிலைக்கு அந்த நாட்டு அரசின் செவனிங் உதவித்தொகை முழுச் செலவையும் ஏற்கிறது. அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், மூன்று படிப்புகளைத் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும், முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை விண்ணப்பிக்கும்போதே யோசித்துவிடுங்கள்.

பிஎச்.டி.க்கு ஐரோப்பாவில் மரி ஸ்க்வோடோவ்ஸ்கா-க்யூரி வலையமைப்புகள் இருக்கின்றன. வேலை ஒப்பந்தத்தோடு பிஎச்.டி., பெரும்பாலும் பல்கலைக்கழகமும் நிறுவனமும் சேர்ந்து நடத்துவார்கள். இதில் ஒரு விதி பலரைக் கவிழ்க்கிறது: எந்த நாட்டில் சேருகிறீர்களோ அந்த நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. அங்கேயே முதுநிலை படித்துவிட்டு, அதே ஊரில் இந்த இடத்துக்கு ஆசைப்பட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

பணம் எந்த நாட்டு அரசுடையது என்றும் பாருங்கள். அமெரிக்காவின் என்.எஸ்.எஃப். (தேசிய அறிவியல் அறக்கட்டளை) நடத்தும் பட்டதாரி ஃபெலோஷிப் அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும்தான். பல்துறைப் பயிற்சிக்காகவே அவர்கள் 1998-லிருந்து ஐ.ஜி.இ.ஆர்.டி. என்றும் 2014-லிருந்து என்.ஆர்.டி. என்றும் நடத்திவருகிற திட்டங்களிலும் ஸ்டைபண்டுக்கு அதே கட்டுப்பாடு. வெளிநாட்டு மாணவர் பயிற்சியில் சேரலாம், ஆனால் பணம் வேறு கணக்கிலிருந்து வர வேண்டும். பிரிட்டனில் அரசின் ஆய்வு நிதி அமைப்பான யு.கே.ஆர்.ஐ. பணத்தில் நடக்கும் முனைவர் பயிற்சி மையங்களில் பலவும் நல்ல பல்துறை மையங்கள், அங்கே வெளிநாட்டவருக்கு 30 சதவீதம் வரைதான் இடம். எந்த ஃபெலோஷிப்பைப் பார்த்தாலும் தொகையைப் பார்ப்பதற்கு முன் "யார் தகுதியானவர்" என்ற பத்தியைப் படியுங்கள். இரண்டு வாரம் உட்கார்ந்து கட்டுரை எழுதிய பிறகு அதைப் படிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

கேள்வி: எனக்கு இரண்டு இடத்தில் அட்மிஷன் வந்திருக்கிறது அக்கா. ஒன்று பெரிய பெயருள்ள பல்கலைக்கழகத்தில் பல்துறை முதுநிலை, உதவித்தொகை இல்லை, கடன்தான் வாங்க வேண்டும். இன்னொன்று அவ்வளவு பெயர் இல்லாத இடத்தில் பிஎச்.டி., ஒன்பது மாதத்துக்கு 27,000 டாலர் ஸ்டைபண்ட், "முதல் வருடத்துக்கு உறுதி, அதன்பின் நிதிநிலையைப் பொறுத்து" என்று எழுதியிருக்கிறார்கள். எதை எடுப்பது? ஒரு வாரத்தில் பதில் சொல்லச் சொல்கிறார்கள்.

பதில்: ஒரு வாரம் என்பதில் இருந்து தொடங்குகிறேன். பிஎச்.டி. வந்தது அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து என்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அங்கே கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பின் ஏப்ரல் 15 தீர்மானத்தில் நிறைய பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. நிதியுதவியோடு வருகிற அட்மிஷனுக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் மாணவருக்கு இல்லை என்பதுதான் அது. உங்கள் பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மரியாதையாக அதைச் சொல்லி அவகாசம் கேளுங்கள்.

கடன் வாங்கி அந்த முதுநிலைக்குப் போக வேண்டாம் என்பதுதான் என் கருத்து. குறிப்பிட்ட வேலைக்கு நேராகக் கொண்டுபோய் விடுகிற படிப்பு என்றால் கடன் கணக்கு வேறு. பல்துறை முதுநிலை முடித்தவருக்கு முதல் வேலை கிடைக்கக் கொஞ்சம் நாள் பிடிக்கும், ஏனென்றால் அந்தப் பட்டத்தின் பெயரைப் பார்த்ததும் வேலை கொடுப்பவருக்கு எதுவும் புரியாது, நீங்கள் விளக்க வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் தவணை கழுத்தைப் பிடிக்கக் கூடாது.

அதற்காக அடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்லவில்லை. 27,000 என்பது ஒன்பது மாதத்துக்கு, அதாவது மாதம் 3,000. கோடையில் வேறு வரவு இல்லை என்றால் அதே பணத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கு நீட்ட வேண்டும், அப்போது மாதம் 2,250-தான். அதிலும் வரி போகும். கல்விக் கட்டணம் தள்ளுபடி என்று எழுதியிருந்தாலும் மாணவர் கட்டணம், சேவைக் கட்டணம் என்று தனியாக ஒன்று ஒவ்வொரு பருவத்திலும் வரும், அதுவும் தள்ளுபடியா என்று கேளுங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் பருவம் நடக்கும்போது வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வளாக வேலை செய்ய முடியாது, உதவி ஆசிரியர் வேலையே அந்த இருபதைப் பெரும்பாலும் தின்றுவிடும். அதனால் "பக்கத்தில் ஏதாவது வேலை பார்த்துக்கொள்ளலாம்" என்று மனக்கணக்கு போடாதீர்கள்.

இப்போது "நிதிநிலையைப் பொறுத்து". இந்த வார்த்தை எனக்கு நடந்த ஒன்றை ஞாபகப்படுத்துகிறது. நான் ஆய்வு செய்தபோது எனக்கும் இரண்டு துறையிலிருந்து இரண்டு நெறியாளர்கள். இரண்டு பேருமே நல்லவர்கள், என் வேலையில் அக்கறை உள்ளவர்கள். மூன்றாம் வருடம் உதவி ஆசிரியர் இடங்களைப் பிரிக்கும்போது, ஒரு துறை அலுவலகம் "நீங்கள் அந்தத் துறை மாணவர் என்று நினைத்தோம்" என்றது, அந்தத் துறையில் போய்க் கேட்டால் "எங்கள் பட்டியலில் உங்கள் பெயர் இல்லையே" என்றார்கள். இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஒரு படிக்கட்டு இருக்கும், அதில் உட்கார்ந்து அந்த மாதத்து வாடகையைக் கணக்குப் போட்டது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. மூன்றாம் வருடம் என் ஸ்டைபண்ட் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பருவம் ஒரு நூலகத்தில் மணிக்கணக்கு வேலை பார்த்துச் சமாளித்தேன், ஆய்வு ஆறு மாதம் தள்ளிப்போனது.

அதனால் இந்த மெயிலை இன்றைக்கே அனுப்புங்கள், நெறியாளருக்கும் படிப்பின் ஒருங்கிணைப்பாளருக்கும் சேர்த்து: "இரண்டாம் வருடத்திலிருந்து என் நிதி எந்தத் துறையின் பொறுப்பு? கடந்த ஐந்து வருடத்தில் இந்தப் படிப்பில் சேர்ந்தவர்களில் யாருக்காவது நடுவில் நிதி நின்றிருக்கிறதா? கோடை மாதங்களுக்கு என்ன ஏற்பாடு? என் நெறியாளர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் என் நிலை என்ன?" நான்கே கேள்விகள். இப்படிக் கேட்டால் அட்மிஷனை ரத்து செய்துவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள். பொறுப்பான துறை இதற்கு ஒரு நாளில் பதில் தரும். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வாய்வார்த்தையாக மட்டும் வந்தால், அங்கே இப்போது படிக்கிற மூன்றாம், நான்காம் வருட மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். அவர்கள் சொல்வதும் இதேபோல மழுப்பலாக இருந்தால், விட்டுவிட்டு அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிப்பதே மேல்.

கேள்வி: என் மகள் இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். இப்போது உயிரியலும் இயற்பியலும் சேர்ந்த படிப்புக்குப் போகிறேன் என்கிறாள். இரண்டிலும் அரைகுறையாக ஆகிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. ஒரு தகப்பனாகக் கேட்கிறேன், தடுக்கலாமா?

பதில்: ஐயா, உங்கள் பயம் நியாயமானது. அரைகுறையாக முடிகிறவர்கள் இருக்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வெங்கி ராமகிருஷ்ணன் 1976-ல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, உயிரியல் தெரிய வேண்டும் என்று மறுபடி மாணவராகவே சேர்ந்து கலிஃபோர்னியாவில் இரண்டு வருடம் அடிப்படையிலிருந்து படித்தார். உயிரணுவில் புரதம் செய்யும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009-ல் அவருக்குக் கிடைத்ததோ வேதியியல் நோபல். எல்லோருக்கும் நோபல் கிடைக்கும் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. இரண்டாவது துறைக்குள் போகும்போது குறுக்கு வழி தேடாமல் முதல் வருட மாணவர்களோடு உட்கார்ந்து படிக்க அவர் தயாராக இருந்தார், அதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

தடுக்க வேண்டாம். அவளிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஒரு துறையிலாவது, அந்தத் துறைக்காரர்கள் ஒப்புக்கொள்கிற அளவுக்கு ஆழமாக ஏதாவது ஒரு முறையைக் கற்றுக்கொள்வாளா? அந்தப் படிப்பில் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தாளா? எத்தனை வருடத்துக்கு நிதி உறுதி? மூன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தால், அவள் நன்றாக யோசித்துத்தான் பேசுகிறாள். அவள் விண்ணப்பத்தோடு இணைத்த ஆய்வுத் திட்டத்தை நீங்களும் ஒருமுறை படித்துப் பாருங்கள். துறை தெரியாத அப்பாவுக்கே புரிகிற மாதிரி எழுதியிருந்தால் தேர்வுக் குழுவுக்கும் புரியும்.

கேள்வி: விண்ணப்பக் கட்டணமே எட்டு இடத்துக்குச் சேர்த்தால் பெரிய தொகை ஆகிறது. குறைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. நிறைய பல்கலைக்கழகங்கள் கட்டண விலக்கு தருகின்றன, ஆனால் கேட்டால்தான் தரும். சில இடங்களில் விண்ணப்பப் படிவத்திலேயே அதற்கு ஒரு பகுதி இருக்கும், சில இடங்களில் துறை அலுவலகத்துக்கு மெயில் போட வேண்டும், சில துறைகள் தாங்கள் நடத்தும் அறிமுகக் கூட்டத்தில் கலந்துகொண்டவர்களுக்கு விலக்கு தருகின்றன. ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு வேண்டாம் என்று பல படிப்புகள் சொல்லிவிட்டதால், கேட்காத இடங்களாகப் பார்த்து விண்ணப்பித்தால் அந்தச் செலவும் மிச்சம். ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்கள் இரண்டு வருடம்தான் செல்லும், அதனால் போன வருடம் எழுதியது இருந்தால் இந்தச் சுற்றிலேயே பயன்படுத்திவிடுங்கள். எட்டு இடத்தை ஐந்தாகவும் குறைக்கலாம், மெயில் போட்டு இரண்டு நெறியாளர்களும் ஆர்வம் காட்டிய இடங்களை மட்டும் வைத்துக்கொண்டாலே பட்டியல் தானாகச் சுருங்கும். விலக்கு கேட்கும் மெயிலைக் கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். கட்டணம் கட்டிவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் திருப்பித் தர மாட்டார்கள்.